சீலண்ணன் கழற்றிய பற்றரி

சீலண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது நான் இன்னொருவரைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். மட்டக்களப்பு எழுவான்கரையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுத என்னிடம் வருவார்கள். வாய்க்கால் தண்ணீரைக்கூடப் பக்கத்து வயல் வட்டைக்கு விடாத மனிதரைப் பரோபகாரி ஆக்கியிருக்கிறேன். பெண்சாதியைக் கை நீட்டி அடித்தவரை இல்லறத்தின் விளக்கு என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கும் அப்படி ஒருவரைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். முன்பு என்னோடு கடலுக்கு வந்த நசார் ஏறாவூரிலிருந்து போன் எடுத்தான்.

"குணம், சீலண்ணன் மௌத்தாப் போயிட்டாராம். நெஞ்சு வருத்தமாம். ரெண்டு நாள் ஆசுபத்திரியில வெச்சிருந்திரிக்காங்க" என்றான். பிறகு, "நீ செத்தவீட்டுக்குப் போவியா?" என்று கேட்டான். "என்னத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேணுமே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் அவருடைய மூத்த மகன் வந்தான். நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. "அப்பாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சித்தப்பா. கடல்ல ஒரு உசிரையும் பறிகுடுக்காத சம்மாட்டி எண்டு ஒரு வரி கட்டாயம் வரோணும்" என்றான். என் கால்களை மூடியிருந்த சாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். அந்த வரியில் பொய் இல்லை. நான் சாகவில்லையே. "எழுதித் தாறன். ஆனா என்ர பேரப் போட்டுத்தான் எழுதுவன்" என்றேன். அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான். ஆகவே அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இதை என் பெயரிலேயே எழுதுகிறேன்.

சண்டை ஓய்ந்திருந்த அந்த இரண்டு மூன்று வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். மூடிக் கிடந்த கடலைத் திறந்துவிட்டார்கள். அப்போதுதான் ஞானசீலன் என்கிற சீலண்ணன் கல்ஃபிலிருந்து செட்டிபாளையத்துக்குத் திரும்பி வந்தார். அங்கே எண்ணெய்க் கம்பெனியில் கடலுக்கடியில் வேலை செய்தவர் என்று ஊர் சொன்னது. இரண்டு போட் வாங்கிச் சம்மாட்டி ஆனார். கடற்கரை வீதிக்கு இந்தப் பக்கம் ஒரு வாடி போட்டார். சிலிண்டர்கள், அவற்றுக்குக் காற்று நிரப்புகிற கொம்பிரசர், கடல் அட்டை அவிக்கிற கிடாரம் எல்லாம் அந்த ஓலைக் கொட்டிலில்தான் கிடந்தன. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அட்டை எடுக்க இறங்குகிறவன் நான். போட் ஓட்டுகிறவன் நசார். ஏறாவூர் முஸ்லிம் பிள்ளையை எங்கள் ஊருக்குக் கூட்டிவந்து வேலை கொடுத்தவர் சீலண்ணன்தான். அந்தக் காலத்தில் அதற்கும் ஒரு துணிவு வேண்டும். அதை நான் மறைக்கப்போவதில்லை.

அவருடைய பெரிய சொத்து போட் இல்லை. இரண்டு கைக்கடிகாரங்கள். மணிக்கூடு மாதிரித்தான் இருக்கும், ஆனால் தடிப்பு. நாங்கள் அதைக் கொம்பியூட்டர் என்போம். ஒன்று அவர் கையில், ஒன்று என் கையில். கட்டிவிட்ட முதல் நாளே ஒரு சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்து என் சாரமெல்லாம் நனைத்தார். "ஆழத்தில நீ இழுக்கிற காத்து ரத்தத்தில கரைஞ்சு கிடக்கும் தம்பி. கெதியா மேல வந்தா இப்பிடித்தான் உள்ளுக்குப் பொங்கும். மெதுவா வந்தா மூச்சோட போயிரும். போகாத மிச்சம் உடம்பில கிடக்கும். ரெண்டாந்தரம் இறங்கக்குள்ள அந்த மிச்சத்தோடதான் இறங்குவாய். அந்த மிச்சத்த இது கணக்கு வெச்சிரிக்கும்" என்றார். எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். தெரியாத மனிதர் இப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் விடுகிற சின்னக் குமிழியை முந்திக்கொண்டு மேலே வராதீர்கள் என்று கற்றுத் தந்தவரும் அவர்தான். கடைசியில் ஒரு வாசகம் சொல்லி முடிப்பார்: "கையில கட்டினது சொல்றதக் கேள். மத்தத யோசிக்காத."

நான் கேட்டேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

வாடிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. முதல் வாரமே என் கையைப் பார்த்த ஆமிக்காரன் என்னை மணலில் முழங்காலில் இருத்திவிட்டான். அவன் கண்ணுக்கு அது வெடிக்க வைக்கிற சாமான். துவக்கின் வாய் என் பிடரியில் இருந்தது. சீலண்ணன் ஓடிவந்தார். என் கையிலிருந்ததைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு, ஒரு வாளி தண்ணீருக்குள் கையை விட்டு, அது பீப் என்று சத்தம் போடுகிறவரை சிரித்துக்கொண்டே நின்றார். கை பறந்தால் தன் கைதான் பறக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். அதற்குள் ஆமிப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஓர் ஒழுங்கு வைத்தார். ரேடியோவோ டோர்ச்சோ இதுவோ, பற்றரியோடு ஒன்றும் சாவடியைத் தாண்டக் கூடாது. தரையில் பற்றரி வெளியே, தண்ணீர் ஓரத்தில் பற்றரி உள்ளே. அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. அதற்கு நன்றி சொல்லிவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன்.

காலையில் இருவரும் இறங்குவோம். அட்டையை வாடியில் இறக்கி, புதுச் சிலிண்டர் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குப் பிறகு திரும்பவும் போவோம். போகும்போதும் வரும்போதும் சாவடி. சில்லறைக் காசொன்றால் மூடியைத் திருகிப் பற்றரியை எடுத்துக் கையில் பிடித்துக் காட்டுவோம். ஒரு நாள் காலை நான் ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டேன். மேலே வந்தபோது, இனி இன்றைக்கு இறங்காதே என்கிற மாதிரி அது சிவப்புக் காட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாவடி தாண்டிப் பற்றரியைப் போட்டதும் பார்க்கிறேன், சிவப்பு இல்லை. புதுப் பெண் மாதிரி நிற்கிறது. "காலம காட்டின சிவப்பு எங்க அண்ணன்?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயில் சூட்டில அப்பிடித்தான் காட்டும். இப்ப சரியாயிட்டு. இறங்கு" என்றார்.

பற்றரியைக் கழற்றினால் அது காலையில் நடந்ததை அடியோடு மறந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் உடம்பில் காலைக் காற்றின் மிச்சம் கிடக்கிறது. கையில் கட்டியதோ நான் இப்போதுதான் படுக்கையிலிருந்து எழும்பி வருகிறேன் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. ஆமிக்காரனுக்குப் பயந்து கழற்றிய பற்றரி இப்படி ஒரு வேலை செய்யும் என்று கம்பெனிக்காரனே நினைத்திருக்க மாட்டான்.

பற்றரிக் கதையை நம்பிய ஒன்றிரண்டு பேரும் இதைத் தெரியாமல் நடந்த பிழை என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். மாதங்கள் போகச் சாவடியில் நின்றவர்களுக்கு எங்கள் முகம் பழகிவிட்டது. "போ போ" என்று கையை அசைத்து விட்டுவிடுவார்கள். பற்றரியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் சீலண்ணன் ஒவ்வொரு மத்தியானமும் என் கையைப் பிடித்துத் தானே மூடியைத் திருகிப் பற்றரியைக் கழற்றித் திரும்பப் போடுவார். கேட்டால் "பழக்கம் விடக்கூடாது" என்பார். இது ஒன்று. மற்றது, மத்தியானத்துக்குப் பிறகு அவர் ஒரு நாளும் கடலில் இறங்கியதில்லை. வெயில் தலைக்கு ஒத்துக்கொள்ளாதாம். வெயில் இல்லாத மாரி நாட்களிலும் ஒத்துக்கொள்ளவில்லை. சாவடியில் கேட்காமல் விட்ட பிறகு, அவர் கையில் கட்டியிருந்த கொம்பியூட்டரின் பற்றரியை அவர் கழற்றி நான் கண்டதும் இல்லை.

அந்த நாளைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை இருக்கிறது. நடந்தது இதுதான். காலையில் ஆழமான பாறைக்குப் போனோம். அங்கே அட்டை கொட்டிக் கிடந்தது. மத்தியானம் அதே பாறைக்கு என்னை மட்டும் அனுப்பினார். பற்றரியைக் கழற்றிப் போட்டார். நான் இறங்கினேன். கூடை நிறைந்ததும் ஏறத் தொடங்கினேன். கை கொம்பியூட்டர் ஒரு இடத்திலும் நில் என்று சொல்லவில்லை. இருந்தும் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குமிழிகளை முன்னால் போகவிட்டு, மெல்ல மெல்ல ஏறினேன். தண்ணீர் முகத்துக்குக் கீழே கொஞ்சம் நின்றும் வந்தேன். போட்டில் ஏறி நசார் தந்த பிளேன்ரீயைக் குடிக்கும்போது தோள்மூட்டில் உளைவு. பிறகு தோலெல்லாம் தினவு. கரைக்கு வந்து போட்டை இழுக்கக் குனிந்தபோது தொப்புளுக்குக் கீழே நான் இல்லை. அப்படித்தான் சொல்லத் தெரிகிறது. விழுந்ததும் வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சீலண்ணன் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, என் மணிக்கட்டை. "கொம்பியூட்டர் ஒண்டும் பிழையாக் காட்டேல்ல. இது வாதம். எண்ணெய் போட்டு உருவினாச் சரியாப் போகும்" என்றார். எண்ணெய் வந்தது. உருவினார்கள். அவர்கள் உருவியது எனக்குத் தெரியவில்லை. மூத்திரம் முட்டுகிறது, போக முடியவில்லை என்றேன் நான். "கொஞ்சம் பொறு" என்றார். நசார் அப்போதுதான் கத்தினான்.

"காலில உணர்ச்சி இல்லாமக் கிடக்கான், நீங்க மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு இரிக்கிறயள். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம் அண்ணே."

"ஆசுபத்திரிக்குப் போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. கடலையே மூடிப் போட்டிருவாங்க. இந்த வாடிய நம்பி எத்தின குடும்பம் இரிக்கு?" என்றார் சீலண்ணன். கொஞ்சம் நிறுத்தி, "இது சொல்லுதுதானே, ஒண்டும் இல்லையெண்டு" என்றார்.

வெயில் சாய்கிறவரை இந்த வாக்குவாதம் நடந்தது. கடைசியில் நசார் ஒருவரையும் கேட்காமல் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்து என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்கு ஓடினான். ஆசுபத்திரியில் பார்த்த டாக்டர், இதற்கு மருந்து, ரத்தத்தில் பொங்கிய குமிழியைத் திரும்பக் கரைக்கிற அழுத்த அறை ஒன்றுதான், அது திருகோணமலையில் படை முகாமுக்குள் இருக்கிறது என்றார். அனுமதி எடுத்து, ஒவ்வொரு தடையிலும் நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேரும்போது மறுநாள் ஆகிவிட்டது. அந்த முகாமுக்குள் ஒரு தமிழன் படுத்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே இருந்தவர்கள் என்னை மனிதனாகத்தான் நடத்தினார்கள். அங்கிருந்த டாக்டர் என் கையிலிருந்ததைக் கழற்றி அமத்தி அமத்திப் பார்த்துவிட்டு, தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்.

"இது சொல்லுது, நேத்து ஒரு தடவதான் போனது. நீ எத்தன தடவ?"

"ரெண்டு."

"அப்ப காலையில வேற ஆள் போனதா?"

பற்றரிக் கதையைச் சொன்னேன். அவர் மூடியைத் திருகிப் பற்றரியை எடுத்துப் பார்த்தார். பிறகு, கெதியாக வந்திருந்தால் கால்களைக் காப்பாற்றியிருக்கலாம், இனிக் கொஞ்சம்தான் செய்ய முடியும் என்றார். கொஞ்சமும் முடியவில்லை.

நான் மாதக்கணக்கில் வார்டுகளில் கிடந்தபோது ஊரில் சீலண்ணன் பேசிக்கொண்டிருந்தார். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னன். பயந்துபோய் ஒரே இழுவையில மேல வந்திட்டான். கொம்பியூட்டர் என்ன செய்யும்?" இதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். நம்பினீர்கள். கல்ஃபுக்குப் போய்வந்தவர் சொல்கிறார், கூடவே கண்ணீரும் விடுகிறார். நான் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். கால் போனவன் வேறு என்ன சொல்வான் என்று தலையை ஆட்டினீர்கள். கயிற்றில் நான் நின்று நின்று வந்ததை மேலே இருந்து பார்த்தவன் நசார். அவன் இரண்டு தரம் ஊருக்கு வந்து சொன்னான். அவர்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. ஏறாவூரான் சொல்லை இங்கே யார் காதில் போட்டுக்கொண்டீர்கள்? எனக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். கால் போனதற்காக விலகவில்லையாம், சொல்வழி கேளாதவன் என்பதற்காக விலகுகிறார்களாம். அந்த நாகரிகத்தை நான் இன்னும் மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

சீலண்ணன் என்னைப் பார்க்க ஒரே ஒரு தரம் வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "இவன் உங்கட சொல்லக் கேட்டிருந்தா இப்பிடி ஆகியிருக்குமா தம்பி?" என்று அழுதாள். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று காத்திருந்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கொம்பியூட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அது தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. தான் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். கட்டியிருக்கிறவன் தண்ணீர் குடித்தானா, சிலிண்டரைச் சுமந்து மணலில் நடந்தானா, தூங்கினானா என்று அதற்குத் தெரியாது. அவன் காலையில் எங்கே இருந்தான் என்பதையும் மறக்கச் செய்துவிட்டு அதனிடம் வழி கேட்டால் அது வேறு என்ன சொல்லும்? இப்போது கடல் மறுபடி மூடிக் கிடக்கிறது. நான் இதை எழுதும்போதும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் விழுகிற சத்தம் கேட்கிறது. ஆனால் ஒரு நாள் திறப்பார்கள். அன்றைக்கு இறங்கப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கையில் கட்டியது சரியென்று சொன்னாலும் உடம்பு பிழையென்று சொன்னால் உடம்பை நம்புங்கள். உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். சம்மாட்டியிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, இதைக் கொடுப்பதா கிழித்துப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பவளமக்கா வந்தார். சீலண்ணனின் மனைவி. சாவுத் துடக்கு வீட்டிலிருந்து இன்னும் எங்கும் போகாத மனுசி, வெயிலில் நடந்தே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குணம், அவர் ஆசுபத்திரியில கடைசி நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னவர். 'அவன் மெதுவாத்தான் வந்தவன்' எண்டு. ரெண்டு தரம் சொன்னவர். மறுகா ஒண்டும் பேசேல்ல."

என் முன்னால் கிடந்த தாள்களைக் காட்டினார். "அத எழுதிப் போடு தம்பி. பிள்ளையள் ஏதும் சொன்னா நான் பாத்துக்கொள்றன்."

எழுதிவிட்டேன் அக்கா. இத்தனை வருஷம் பழகிய சீலண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். மற்றதையெல்லாம் மலரின் மற்றப் பக்கங்களில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். அவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று அவர்கள் எழுதட்டும். என்னால் முடியவில்லை. என் அம்மா போன மாரியில் செத்துப்போனாள். கண்ணை மூடுவதற்கு முந்திய நாள்கூட என் காலைத் தடவிக்கொண்டு, "நீ கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாமே மனே" என்றாள். சீலண்ணன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வரலாம்.

— குணம், செட்டிபாளையம்